முப்பது கிலோவுக்குக் கீழே

ஓர் அறைக்குள் மனிதர் இருக்கிறாரா, இல்லையா என்பதை அந்த அறையே தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்கு எளிதான வேலையாகத் தோன்றும். பதினோரு ஆண்டுகளாக நான் அந்த ஒரு கேள்வியோடுதான் குடும்பம் நடத்திவந்தேன்.

கேமரா வைக்கலாம். ஆனால் உப்பளத்துப் பெண்கள் நனைந்த சேலையைப் பிழிந்து மாற்றுவது அந்த அறைக்குள்தான். கேமரா வைத்த முதல் மாதமே அத்தனையின் மேலும் களிமண்ணை அப்பிவிட்டார்கள், அது நியாயமும்கூட. பொத்தான் வைக்கலாம். வைத்தோம். உப்புக் காற்று மூன்றே மாதத்தில் பொத்தானுக்குள் இருந்த செம்பைப் பச்சையாக்கித் தின்றுவிட்டது. மூச்சுக்காற்றை அறியும் கருவிக்கும் அதே கதி. கடைசியில் மிஞ்சியது எடை. தரைக்கு அடியில் நான்கு மூலைகளிலும் பிசினில் பொதிந்து நான்கு எடைமானிகளைப் புதைத்தோம். யாராவது உள்ளே வந்து நின்றால் தரை அறியும்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலுத்தாய் எப்படி இறந்தார் என்பது புரிய வேண்டுமானால், தரை எப்படி யோசிக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

தூத்துக்குடிக்கு வடக்கே கடலோர உப்பளங்களில் இப்படி முப்பத்தெட்டு அறைகள் நிற்கின்றன. அரசுக் காகிதத்தில் வெப்பத் தஞ்சக்கூடம் என்று பெயர். அங்கே வேலை செய்கிறவர்கள் ஐஸ்பெட்டி என்பார்கள். சித்திரையிலிருந்து ஆவணி வரை காலை பதினோரு மணிக்குச் சங்கு ஊதும். மறுபடி நான்கு மணிக்கு ஊதும்வரை யாரும் வெளியில் இருக்கக் கூடாது. வெறும் வெயில் என்றால் உடம்பு தாங்கிக்கொள்ளும். வியர்வை காயும்போது உடம்பின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். கடல் சூடாகிக் காற்று முழுக்க ஈரமாகிவிட்ட இந்தக் காலத்தில் வியர்வை வழிகிறதே தவிரக் காய்வதில்லை. காயாத வியர்வையால் பயன் இல்லை. அப்படிப்பட்ட நாளில் நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவரும் சில மணி நேரத்தில் இறந்துபோகலாம்.

ஒவ்வொரு பெட்டியின் பின்சுவரிலும் ஒரு தொட்டி உண்டு. அதிலுள்ள கரைசல் இரவில் உறைந்து கட்டியாகும். பகலில் ஆள் வந்ததும் விசிறி சுழன்று, அந்தக் கட்டியின் மேல் காற்றை ஓட்டும். ஒரு நாளைக்கு ஒரு தொட்டிதான். கட்டி இருக்கும்வரை கதவின் மேல் பச்சை விளக்கு எரியும், தீர்ந்துவிட்டால் சிவப்பு. ஆளே இல்லாமல் விசிறி ஓடினால், மத்தியானத்துக்குள் எல்லாம் உருகி, பிறகு வருகிறவருக்கு வெறும் சூடான பெட்டிதான் கிடைக்கும்.

முதல் கோடையில் அதுதான் நடந்தது. நாய்கள் தலையால் கதவை முட்டித் திறந்து உள்ளே வந்து படுத்தன. தரை அவற்றையும் ஆள் என்று எண்ணியது. ஒன்பதாம் பெட்டியில் ஒரு லாரி ஓட்டுநர் இறந்தார். அதற்குப் பிறகு கூட்டம் போட்டோம். நாய் ஒரு பெட்டிக்கு ஒன்றுதான் வரும், இன்னொன்றை உள்ளே விடாது என்று கால்நடை மருத்துவர் சொன்னார். இந்தப் பக்கத்து நாய் எதுவும் முப்பது கிலோவைத் தொடாது என்றும் சொன்னார். குழந்தைகளுக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். குழந்தைகள் தனியாக வரமாட்டார்கள் என்று இன்னொருவர் பதில் சொன்னார். முப்பது கிலோவுக்குக் குறைந்த பெரியவர் இருப்பாரா, ஏதோ ஒரு காரணத்தால் தரைக்கு ஒருவரின் எடை குறைவாகத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தொடர்ந்து ஐந்து நிமிடம் முப்பது கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் மனிதர், கீழே இருந்தால் நாய். அந்த வரியை எழுதியவன் நான்தான்.

இனிப் புத்தகங்கள்.

பெட்டியின் சுவர்களுக்குள் சூட்டைத் தடுக்க உலோகத் தாள் ஒட்டியிருக்கிறோம். அதனால் உள்ளே செல்போனுக்கு சிக்னல் கிடையாது. ஐந்து மணி நேரம் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உப்பளத்து எடைமேடையில் வேலை பார்க்கும் ஜெயக்கொடி என்ற பெண், ஒரு கோடை முழுக்க அப்படி உட்கார்ந்து பார்த்துவிட்டு, அடுத்த கோடையில் பழைய பேப்பர் கடைகளில் புத்தகங்களைப் பொறுக்கத் தொடங்கினாள். உப்புப் பாக்கெட் உறையில் சுற்றி, பெட்டிக்கு எட்டு பத்து என்று பெஞ்சுக்கு அடியில் வைத்தாள். யார் படிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அந்த வழியாகப் போகும் லாரிக்காரர்கள், மீன் வண்டிக்காரர்கள், வெளியூரிலிருந்து உப்பு வார வந்தவர்கள் என்று முகம் தெரியாதவர்கள் எடுத்துப் படித்தார்கள்.

அவர்களாகவே ஒரு வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டார்கள். சங்கு ஊதும்போது புத்தகம் முடியவில்லை என்றால், சாக்கு தைக்கும் நூலை அந்தப் பக்கத்தில் கட்டிவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு முடிச்சு, ஒரு நிறம். வீட்டுக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால், அதற்கு மாற்றாக இன்னொரு புத்தகத்தை வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் பெயர் எழுதுவார்கள், சண்டையும் போடுவார்கள். ஒரு துப்பறியும் நாவலின் முதல் பக்கத்திலேயே எவனோ கொலைகாரன் பெயரை எழுதி வைத்துவிட்டான். அதற்குக் கீழே ஒன்பது பேர் எழுதிய வசவுகளை நான் பார்த்திருக்கிறேன். 'நாசமாப் போறவனே, நீ போற பெட்டியெல்லாம் செவப்பு விளக்கு எரியட்டும்' என்பது அதில் ஒன்று.

பழுது பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தப் புத்தகங்களை நான் கவனித்திருக்கிறேன். பிடித்தும் இருந்தது. தரைக்கு அவை தொந்தரவு தரவில்லை. ஏனென்றால், ஒவ்வொரு நாளும் விடியுமுன் மூன்று மணிக்குத் தரை தன்னைச் சைபராக்கிக்கொள்ளும். காற்று கொண்டுவந்த மணல், புதிதாகப் போட்ட பெஞ்சு, புத்தகங்கள் என அப்போது உள்ளே அசையாமல் இருப்பது எதுவாக இருந்தாலும் அது அறையின் பகுதி. அதன் எடை இனிக் கணக்கில் இல்லை. பகலில் இதைச் செய்யக் கூடாது. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டவரையும் பெஞ்சு என்று நினைத்து அழித்துவிடும்.

ஆனி மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. உப்பளத்துக்கு விடுமுறை. கிழக்குப் பாத்திகளுக்குத் தண்ணீர் மடை திறந்துவிட வேலுத்தாய் மட்டும் போயிருந்தார். வயது ஐம்பத்தொன்று. குள்ளமான, மெலிந்த உடம்பு. பதினோரு மணிச் சங்கு ஊதியபோது அருகில் இருந்தது இருபத்தேழாம் பெட்டி. நான்கு மணிச் சங்குக்குப் பிறகும் வராததால் தேடிப்போனவர்கள், அவர் பெஞ்சில் சாய்ந்திருப்பதைக் கண்டார்கள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டியில் கட்டி ஏறக்குறைய முழுசாக இருந்தது. அவருக்காக விசிறி ஓடவே இல்லை.

அவர் ஜெயக்கொடியின் அம்மா.

மூன்றாம் நாள் ஜெயக்கொடி எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பெட்டிகளுக்குள் சாமான் வைத்ததால்தான் மிஷின் கெட்டுப்போனது என்று அலுவலகத்திலிருந்து யாரோ உப்பளத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் வச்ச புஸ்தகத்தாலதான் எங்கம்மா செத்தாவளா சார்?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்றே இருபத்தேழாம் பெட்டியின் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நிமிடத்துக்கும் அந்த நிமிடத்தின் அதிகபட்ச எடையைத் தரை எழுதி வைக்கும். மூன்று மணிக்குச் சைபர். காலை எட்டு ஐம்பத்திரண்டுக்கு ஒருவர் ஏறியிருக்கிறார், அறுபத்தெட்டு கிலோ. இருபது நிமிடம் இருந்துவிட்டு இறங்கியிருக்கிறார். அவர் இறங்கிய பிறகு தரை சைபருக்குத் திரும்பவில்லை. சைபருக்கும் கீழே, கழித்தல் ஒன்று புள்ளி மூன்றில் நின்றது.

பதினொன்று பன்னிரண்டுக்கு அடுத்த ஆள். இருபத்தொன்பது புள்ளி மூன்று.

வேலுத்தாயின் உண்மையான எடை முப்பது கிலோ அறுநூறு கிராம். உள்ளே இருந்திருக்க வேண்டிய ஒரு புத்தகம் இல்லாததால் தரைக்கு அவர் ஒன்று முந்நூறு குறைவாகத் தெரிந்தார். முப்பதுக்குக் கீழே. அந்த வரிக்கு எதிரே தரை எழுதியிருந்தது: நாய்.

அதற்குப் பிறகான நிமிடங்களையும் படித்தேன். படித்திருக்க வேண்டியதில்லை. பதினொன்று முப்பதுக்கு அவர் வெளியே போய்த் திரும்பியிருக்கிறார். மறுபடி உள்ளே வந்தால் விசிறி கிளம்பும் என்று நினைத்திருப்பார். பன்னிரண்டு மணியை ஒட்டி நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பத்துநான்கு என்று ஏழு முறை எண் தாவியிருக்கிறது. தரைதான் பெட்டியை எழுப்பும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் தரையை ஓங்கி மிதித்திருக்கிறார். ஆனால் என் விதிப்படி ஐந்து நிமிடம் தொடர்ந்து இருந்தால்தான் கணக்கு. இல்லாவிட்டால் குதித்து விளையாடும் நாயும் ஆளாகிவிடும். பிறகு மிதிக்கவில்லை. இருபத்தொன்பது புள்ளி மூன்று என்றே கடைசிவரை இருந்தது. அந்த எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. வியர்வை காற்றோடு போகவில்லை, தரையிலேயே கிடந்தது.

என் மேலதிகாரி கோமதிநாயகம் கெட்டவர் அல்ல. முப்பத்தெட்டுப் பெட்டிகளையும் மூடாமல் காப்பாற்ற வேண்டும் என்ற கவலை அவருக்கு. அந்தக் கழித்தல் குறியைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. யாரோ புத்தகத்தை எடுத்திருக்கிறார்கள், எடுத்தவர் யார் என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது, வைத்தவள் யார் என்பது தெரியும் என்றார்.

"மிஷின் சொன்னபடிதான் நடந்திருக்கு அருளப்பன். அந்தப் பொண்ணு அனுமதியில்லாம வச்ச பொருளால கணக்கு தப்பிப்போச்சுன்னு எழுதிடுங்க. அதுல பொய் ஏதும் இல்லையே."

பொய் இல்லைதான். பெட்டிகளுக்குள் புத்தகமோ வேறு பொருளோ வைத்துவிட்டுப் போகத் தடை என்ற உத்தரவையும் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் அறிக்கை மட்டும்தான் பாக்கி.

மறுநாள் காலை எட்டு மணிக்கு உப்பளத்து எடைமேடைக்குப் போனேன். ஜெயக்கொடி மூட்டைகளை எடை போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். வேலையை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. தரை எப்படி விடியுமுன் சைபராகிறது என்பதிலிருந்து தொடங்கினேன்.

"தெரியும் சார்," என்றாள். "முதல்ல வெறுஞ்சாக்க மேடையில போட்டு முள்ள சைபருக்குக் கொண்டாருவோம். பெறகு உப்பு. அதானே?"

அதேதான் என்றேன். சைபராக்கிய பிறகு யாராவது சாக்கை உருவிக்கொண்டு போய்விட்டால்?

அவள் கை நின்றது. "உப்பு கம்மியாக் காட்டும்."

"அம்மா கம்மியாத் தெரிஞ்சாங்க. முப்பதுக்குக் கீழ."

"முப்பதுக்குக் கீழ இருந்தா?"

சொன்னேன். தரை எழுதி வைத்திருந்த வார்த்தையையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்தான். ஆனால் ஒரு பாதியை மறைத்துவிட்டு மறுபாதியை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் மேடையின் முள்ளைப் பார்த்தாள். "அப்போ நான் புஸ்தகமே வைக்காம இருந்திருந்தா..."

"இல்லம்மா. வச்சதுனால எதுவும் நடக்கல. மூணு வருஷமா வச்சிருக்கீங்க, ஒரு தப்பும் நடக்கல. ஒண்ணு எடுத்தா ஒண்ணு வைக்கிற வழக்கம் இருந்துச்சே, அதுதான் எங்க தரையைக் காப்பாத்திட்டு இருந்துச்சு. உங்க யாருக்கும் அது தெரியாது. எடுத்த ஆள் மாத்து வைக்கல. அதுதான் காரணம்."

"யாரு அது? லாரிக்காரனா?"

"காலையில ஏறின ஆள் அறுபத்தெட்டு கிலோ," என்றேன். தோள்பையைக் கீழே வைத்துவிட்டு, அவளுடைய மேடைமேல் ஏறி நின்றேன்.

முள் ஓடிப்போய் நின்றது. அவள் அதைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

மின்மோட்டாருக்குச் சுருள் கட்டும் முறைகளைப் பற்றிய கனத்த பழைய பாடநூல் அது. துணி அட்டை, கையால் வரைந்த படங்கள். மாதாந்திரச் சோதனைக்காகப் போன நான் பெஞ்சுக்கு அடியில் அதைக் கண்டேன். சோதனையை முடித்த பிறகும் பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்து படித்தேன். விட மனமில்லை. பையில் போட்டுக்கொண்டேன். மாற்று வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நாளைக்கே கொண்டுவந்துவிடப் போகிறோம் என்று நினைத்தேன். இந்த முப்பத்தெட்டுத் தரைகளையும் பற்றி உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அன்று காலை ஒரு நொடிகூட அந்தப் புத்தகத்துக்கு எடை உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

பையிலிருந்து அதை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எல்லாரும் வச்சுட்டுத்தான் போவாங்க சார்," என்றாள். குரல் உயரவில்லை. "கல்யாணம் நடக்குமா நடக்காதான்னு தெரியாம பாதிக் கதையில சங்கு ஊதும். அப்பயும் நூலக் கட்டி வச்சுட்டுத்தான் வருவாங்க. எங்கம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஒரு பக்கம் படிக்க ஒரு மத்தியானம் ஆகும். பச்சை நூல்."

அறிக்கையில் என் பெயரை எழுதியிருக்கிறேன் என்றேன். அவள் பெயர் அதில் வராது.

"எழுதுங்க," என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

நான் இறங்கிய மேடையில் அடுத்த மூட்டையை ஏற்றினாள். அதைத் தள்ளிவிட்டு, முப்பதை இருபத்தைந்தாக மாற்ற முடியாதா என்று கேட்டாள். மாற்றலாம், ஆனால் எண் எழுதிய சில்லு பிசினுக்குள் புதைந்திருக்கிறது. முப்பத்தெட்டுத் தரைகளையும் தோண்ட வேண்டும். கூட்டம் கூடி முடிவெடுத்து, ஆட்களை அனுப்பி முடிப்பதற்குள் இந்தக் கோடை போய்விடும் என்றேன். அதுவரை உள்ளே எந்தப் பொருளும் வைக்கக் கூடாது என்பது உத்தரவு.

"எங்கம்மா மாதிரி உடம்பு இங்க இன்னும் நாலஞ்சு பேருக்கு உண்டு. பூரணத்தம்மாள நான் இந்த மேடையிலயே நிறுத்திப் பாத்திருக்கேன். இருபத்தொம்பது. புஸ்தகம் இருந்தாலும் இல்லாட்டாலும் அவுக உங்க தரைக்கு நாய்தானே?"

ஆமாம் என்றேன்.

அவள் ஒரு வெறுஞ்சாக்கை எடுத்து, அதன் காதைப் பிடித்துத் தொங்கவிட்டபடி யோசித்தாள். "தரையில கெடந்தாத்தானே சைபராக்கும்? கதவுக்கு வெளிய ஆணியில தொங்குனா?"

"வெளிய இருக்கிறது தரைக்குத் தெரியாது."

"உள்ள போற ஆளு அத எடுத்துட்டுப் போனா?"

நான் நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பை வெளியில் இருக்கும்வரை தரைக்கு அது இல்லை. ஆள் தூக்கிக்கொண்டு வந்தால் ஆளின் எடையோடு சேரும். கூட்டுமே தவிர, ஒருபோதும் கழிக்காது. நாய்க்குப் பையைத் தூக்கத் தெரியாது. உத்தரவோ உள்ளே வைத்துவிட்டுப் போகக் கூடாது என்றுதான் சொல்கிறது. கையில் கொண்டுபோவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு ஆண்டுகளாக நான் தேடாத பதிலை, சாக்கு எடையைக் கழித்துப் பழகிய ஒரு பெண் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஒரு பைக்கு எத்தனை கிலோ வேணும்?" என்று கேட்டாள்.

"அஞ்சு."

"இத மொதல்ல போடுங்க," என்று சாக்கை என் முன்னால் விரித்துப் பிடித்தாள். மோட்டார்ப் புத்தகத்தைப் போட்டேன். "எது வர படிச்சீங்க?"

நாற்பத்தோராம் பக்கம் என்றேன். அவள் வெள்ளை நூலைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தாள். கட்டினேன்.

அந்த வாரத்துக்குள் முப்பத்தெட்டுப் பெட்டிகளின் கதவுகளுக்கு வெளியிலும் ஆணி அடித்துப் பைகள் தொங்கின. மழை படாதபடி மேலே ஓர் ஓட்டுத் துண்டு. தனியாகப் போகிறவர் யாராக இருந்தாலும் பையோடுதான் உள்ளே போக வேண்டும், சங்கு ஊதியதும் பையை வெளியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது புது வழக்கம். படிக்கத் தெரியாதவர்களும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அறிக்கையைப் படித்த கோமதிநாயகம், விசாரணை முடியும்வரை நான் களத்துக்குப் போகக் கூடாது, அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவுகளை மட்டும் பார்க்கலாம் என்றார். அதனால்தான் பழைய பதிவுகளைப் பார்க்க நேரம் கிடைத்தது.

மூன்று கோடைகளில் தரைகள் நாய் என்று எழுதியவை அறுநூற்று நாற்பது. பெரும்பாலானவை உண்மையில் நாய்கள்தான். நாய் ஒரு மணி நேரம் படுக்கும், எழுந்து போகும், திரும்பி வரும். ஆனால் இருபத்துமூன்று பதிவுகள் வேறு மாதிரி இருந்தன. இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது கிலோ. பதினோரு மணிச் சங்கு ஊதிய சில நிமிடங்களில் வந்து, நான்கு மணிச் சங்கு ஊதும்வரை அசையாமல் இருந்து, ஊதியதும் எழுந்து போனவை. எந்த நாயும் சங்கு கேட்டு எழுந்து போவதில்லை. அந்த நாட்களில் கடல்காற்று கொஞ்சம் வீசியிருக்கிறது, அதனால் பிழைத்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் வெளியில் வந்து யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பெட்டி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த இருபத்துமூன்றையும் அறிக்கையின் பின்னிணைப்பாகச் சேர்த்துக்கொண்டிருந்த காலையில், திரையில் அன்றைய பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்று பத்துக்கு முப்பத்தொன்றாம் பெட்டியில் ஒருவர் ஏறினார். முப்பத்துநான்கு கிலோ. ஐந்து நிமிடம் காத்திருந்தேன். அந்த வரிக்கு எதிரே 'மனிதர்' என்று வந்தது.

பையைக் கழித்துப் பார்த்தேன். இருபத்தொன்பது.

விசிறி ஓடிக்கொண்டிருந்தது.